பதில் எழுதியவர்களே சந்தா கட்டினார்கள்

கீழக்கரையில் நான் சிறுமியாக இருந்த நாள்களில், அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்த நேரத்துக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு மூன்று பெண்களாவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மடியில் நீல நிற ஏரோகிராம் தாள் இருக்கும். கணவரோ மகனோ துபாயில், சவூதியின் தம்மாமில் இருப்பார். உம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் தெருவில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த சில பெண்களில் ஒருவர். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவார். 'மற்றவை தங்கள் பதில் கண்டு' என்று முடிக்க வேண்டிய இடம் வந்ததும் பேனாவை நிறுத்திவிடுவார். "இப்படி எழுதினால் மட்டும் பதில் வந்துவிடாது. அவர் சொல்லியே ஆக வேண்டியது ஒன்றைக் கேள்" என்பார். அந்தப் பெண் யோசிப்பாள். சின்னவளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கட்டும்? கொல்லைச் சுவரை மழைக்கு முன்னால் பூசிவிடட்டுமா, நீங்கள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா? அப்படி ஒரு கேள்வி வைத்த கடிதத்துக்குப் பதில் சீக்கிரம் வந்துவிடும்.

இன்று நான் வளைகுடா நாடுகளில் அலுவலக வேலை, ஸ்டோர் வேலை, தளமேற்பார்வை வேலை பார்க்கும் நம் ஊர்ப் பக்கத்து ஆள்களுக்கு நேர்காணல் பயிற்சியும் அலுவலக ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிறேன். வாரம் ஒரு மின்னஞ்சல் மடல் எழுதுகிறேன். அதற்கு 'வியாழன் கடிதம்' என்று பெயர். எனக்கு வரும் வருமானம் முழுவதும் அந்தக் கடிதத்தின் வழியாகத்தான் வருகிறது. பயிற்சியாளர்களாக இருக்கும் சிலர், மின்னஞ்சலில் உண்மையிலேயே பணம் வருகிறதா என்று கேட்கிறார்கள். வருகிறது. எவ்வளவு, எப்படி, எங்கே தவறினேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒரு தனியார் பள்ளியில் பதினொரு ஆண்டுகள் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் 9,500 ரூபாய். 2019இல் தோஹாவில் இருக்கும் என் காக்கா (அண்ணன் முறை) ஒருவர், "இந்த சிவியைக் கொஞ்சம் பார்த்துக் கொடு" என்று அனுப்பினார். ஏழு ஆண்டுகள் ஒரு பெரிய கிடங்கைக் கட்டி ஆண்ட மனிதர், அந்தத் தன்விவரக் குறிப்பில் தன் வேலையைப் பற்றி ஒரே வரியில் 'ஸ்டோர் கீப்பராகப் பணியாற்றினேன்' என்று எழுதியிருந்தார். எத்தனை வகைப் பொருள்கள், மாதம் எத்தனை முறை இருப்பு சரிபார்த்தீர்கள், கணக்கில் வித்தியாசம் வந்தால் யாரிடம் எழுதிக் கொடுப்பீர்கள் என்று தொலைபேசியில் ஒரு மணி நேரம் கேட்டுக் கேட்டு எழுதினேன். அவருக்கு வேலை மாறியது. அவர் அறையில் தங்கியிருந்த நான்கு பேர் என்னைக் கூப்பிட்டார்கள்.

2020இல் கொரோனா வந்தது. விமானம் விமானமாக ஆள்கள் ஊர் திரும்பினார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம் என்று கடற்கரை நெடுக வேலை போன ஆண்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கத்தார் அரசு, வேலை மாற முதலாளியின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டது. 2021 மார்ச்சில் சவூதியும் வேலை மாறுவதை எளிதாக்கியது. அதுவரை ஒரே நிறுவனத்தில் கிடந்தவர்களுக்கு முதல் முறையாக நேர்காணல் என்ற ஒன்று எதிரே வந்து நின்றது. இருபது வருட அனுபவம் இருந்தும் ஒரு நேர்காணலில்கூட உட்கார்ந்ததில்லை என்பவர்கள் என்னிடம் வந்தார்கள். என் வேலை அங்கேதான் பிறந்தது.

முதலில் வாட்ஸ்அப்பில்தான் குறிப்புகள் அனுப்பினேன். ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான். அதிலும் என் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். போன செய்தியும் மைத்துனர் கல்யாணப் படங்களுக்கும் காலை வணக்கங்களுக்கும் நடுவே அமுங்கிவிடும். "டீச்சர், சம்பளப் பேச்சுவார்த்தை பற்றி அனுப்பினீர்களே, மறுபடி அனுப்ப முடியுமா?" என்று ஒரே ஆள் மூன்று முறை கேட்டார். வளைகுடாவில் அலுவலக வேலை பார்ப்பவர் எல்லாரிடமும் மின்னஞ்சல் இருக்கிறது, தினமும் திறக்கிறார், ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கிறது. அதோடு, அவர் வேலைக்கு விண்ணப்பிப்பதும் நேர்காணல் அழைப்புப் பெறுவதும் அந்தப் பெட்டியில்தான். என் பாடம் இருக்க வேண்டிய இடம் அதுவே என்று 2021 ஜூனில் மின்னஞ்சலுக்கு மாறினேன்.

என் சொந்த ஜிமெயில் முகவரியிலிருந்தே எல்லாருக்கும் மறைநகலில் (பிசிசி) அனுப்பத் தொடங்கினேன். சாதாரணக் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும் என்பது ஒருபுறம். அப்படி அனுப்பியதில் பாதி ஸ்பேம் என்னும் குப்பை மடல் பெட்டிக்குப் போயிருந்தது என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. சொந்தமாக ஒரு டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வாங்கினேன்; ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான் ஆனது. மொத்தமாக மடல் அனுப்பித் தரும் சேவை ஒன்றில் சேர்ந்தேன். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளை டொமைனில் சேர்க்க வேண்டும். 'இந்த முகவரியிலிருந்து வரும் மடல் உண்மையிலேயே இவருடையதுதான்' என்று பெறுகிறவரின் பெட்டிக்குச் சான்று காட்டும் முத்திரைகள் அவை. ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பழைய மாணவன் அரை மணி நேரத்தில் செய்து கொடுத்தான். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதைக் கண்டிப்பாக்கிவிட்டன. ஒரு நாளில் 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். நம்மைப் போன்ற சிறியவர்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எழுத உட்காரும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஆங்கில எழுத்து ஒரு பைட் இடம் பிடிக்கிறது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கிறது; 'கு' என்பது உயிர்மெய்யாக ஒன்றுபோல் தெரிந்தாலும் இரண்டு குறிகள். மடல் சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் நடுவில் வெட்டி, மீதியைப் பார்க்க ஒரு இணைப்பைத் தொடச் சொல்லும். படங்களும் வண்ணப் பட்டைகளும் நிறைந்த வடிவமைப்பில் நீளமான தமிழ்க் கடிதத்தைப் போட்டபோது என் கடைசிப் பத்தி வெட்டுப்பட்டது. வாசகரிடம் நான் கேட்கும் கேள்வி இருப்பதே கடைசிப் பத்தியில்தான்! அன்றோடு எல்லா அலங்காரத்தையும் எடுத்துவிட்டேன். இப்போது போவது வெறும் எழுத்து, கீழே என் பெயர், அவ்வளவுதான். உறவினர் எழுதிய கடிதம் போல இருக்கிறது என்று பலர் சொன்னார்கள்.

முதல் ஆண்டில் இரண்டு பெரிய தவறுகள் செய்தேன். ஆள் சேர்க்க வேண்டும் என்ற அவசரத்தில், '50 நேர்காணல் கேள்விகள்' என்று ஒரு பிடிஎஃப் தயாரித்து, முகவரி கொடுத்தால் இலவசம் என்று அறிவித்தேன். மூன்று வாரத்தில் 800 பேர் வந்தார்கள். கோப்பை எடுத்துக்கொண்டு போனவர்கள் அதன் பிறகு ஒரு கடிதத்துக்குக்கூடப் பதில் எழுதவில்லை. அந்த 800 பேரில் கடைசிவரை எனக்குப் பணம் கொடுத்துப் பயிற்சிக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஆனால் மடல் அனுப்பும் சேவைக்கு, ஆள் எண்ணிக்கை கூடியதால், மாதக் கட்டணம் ஏறிவிட்டது.

இரண்டாவது தவறு எனக்கு இன்றும் உறுத்துகிறது. தெரிந்தவர் ஒருவர் நல்ல எண்ணத்தோடு, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் 600 பேரின் முகவரிகளைக் கொடுத்தார். அவர்களில் எவரும் என்னைக் கேட்கவில்லை. இருந்தும் அனுப்பினேன். ஏராளமான மடல்கள் திரும்பி வந்தன. பலர் ஸ்பேம் பொத்தானை அழுத்தினார்கள். அதன் விளைவு அந்த 600 பேரோடு நிற்கவில்லை. ஆவலோடு காத்திருந்த என் பழைய வாசகர்களின் பெட்டியிலும் என் கடிதம் குப்பைக்குள் விழத் தொடங்கியது. அது சரியாவதற்கு நான்கு மாதம் ஆனது. புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பது கூகுளின் கணக்கு. ஆயிரம் பேருக்கு மூன்று பேர். கேட்காதவர் வீட்டுக் கதவைத் தட்டுவது முறையில்லை என்பதற்கு எனக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் ஒருவரின் விவரங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று 2023இல் சட்டமும் வந்துவிட்டது.

திருப்பம் வந்தது ஒரே ஒரு பதில் மடலால். 2022 பிப்ரவரி. தம்மாமில் இருந்து ஒருவர், சாயல்குடிப் பக்கத்துக்காரர், எழுதினார்: "டீச்சர், சரக்கு வர நான்கு நாள் தாமதமாகும். மேனேஜருக்கு எழுத வேண்டும். என் தவறு இல்லை. ஆனால் நான் எழுதினால் மன்னிப்புக் கடிதம் போல ஆகிவிடுகிறது. என்ன செய்வது?" அன்று வரை நான் 'பயனுள்ள தொடர்புத் திறன்' என்பது போன்ற தலைப்புகளில் பொதுவாக எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் அவருக்கு மட்டும் எழுதுவதாக நினைத்து எழுதினேன். முதல் வரியில் செய்தி: சரக்கு எந்தத் தேதியில் வரும். இரண்டாவது வரியில் காரணம், ஒரே வாக்கியத்தில். மூன்றாவதில், அதுவரை வேலை நிற்காமல் இருக்க நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள். மன்னிப்பு என்ற சொல் எங்கும் வேண்டாம். மாதிரிக் கடிதத்தை ஆங்கிலத்தில் போட்டு, ஒவ்வொரு வரியையும் ஏன் அப்படி எழுதினேன் என்று தமிழில் விளக்கினேன். முடிவில் உம்மாவின் வழியில் கேட்டேன்: 'நீங்கள் கடைசியாக எந்த மடலை எழுதத் தயங்கித் தள்ளிப்போட்டீர்கள்?'

அப்போது என் பட்டியலில் சுமார் 900 பேர். மூன்று நாளில் 44 பதில்கள் வந்தன. அதற்கு முன் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். விடுப்பு கேட்கத் தயங்கியவர், சம்பள பாக்கியைக் கேட்கத் தெரியாதவர், தன்னைவிட இளையவர் மேலதிகாரியாக வந்ததும் எப்படி விளித்து எழுதுவது என்று குழம்பியவர். ஒவ்வொன்றும் ஒரு கடிதத்துக்கான பொருள். அடுத்த எட்டு மாதங்களுக்கு என்ன எழுதுவது என்று நான் யோசிக்கவே தேவை இருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். பதில் எழுதியவரின் பெயர், நாடு, வேலை, அவர் சொன்ன இடர்ப்பாடு, அதை அவர் சொன்ன அதே சொற்களில். இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். 'இன்டர்வியூவில் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை' என்று ஒருவர் எழுதினால், என் தலைப்பு 'நேர்காணலில் கையை எங்கே வைப்பது?' என்றே போகும். 'வியாழன் கடிதம் – 14' என்று தலைப்பு வைத்த காலத்தில் நானே அதைத் திறந்திருக்க மாட்டேன். எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்று அந்தச் சேவைகள் காட்டும் எண்ணை நான் பார்ப்பதை விட்டுவிட்டேன். 2021 செப்டம்பரில் ஆப்பிள் கைப்பேசிகளில் வந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு, ஆள் திறக்காமலே திறந்ததாகக் கணக்குக் காட்டுகிறது. பதில் எத்தனை என்ற எண்ணில் எந்த ஏமாற்றமும் இல்லை.

எப்போது அனுப்புவது என்பதையும் பதில்களே கற்றுக்கொடுத்தன. சவூதி, கத்தார், குவைத், ஓமானில் வார விடுமுறை வெள்ளி, சனி. அமீரகம் 2022 ஜனவரியில் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு என்று மாற்றி, வெள்ளியை அரை நாளாக்கியது. ஆகவே வியாழன் மாலை எல்லாருக்கும் பொதுவாக மனம் சற்று இளகும் நேரம். நம் நேரம் இரவு எட்டு மணி என்றால் துபாயில் 6.30, ரியாத்திலும் தோஹாவிலும் 5.30. வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் ஊரில் வியாழன் மஃரிபு என்னும் அந்தித் தொழுகைக்குப் பிறகு வருவதை வெள்ளி இரவு என்போம். கடிதத்துக்கும் அந்தப் பெயரே வைக்க ஆசைப்பட்டேன். முதுகுளத்தூரிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் இந்து, கிறிஸ்தவ வாசகர்கள் பலர் இருப்பதால், எல்லாருக்கும் பொதுவாக வியாழன் என்றே வைத்தேன். கோடையில் வேறொன்றைக் கவனித்தேன். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை வெயிலில் வேலை செய்வோருக்கு 12.30 முதல் 3 மணி வரை கட்டாய ஓய்வு. அந்த மாதங்களில் தளமேற்பார்வையாளர்களின் பதில்கள் நம் நேரம் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் மொத்தமாக வந்து விழும்.

இனி பணம். பட்டியலை வளர்ப்பதைவிட எனக்குக் கடினமாக இருந்தது விலை சொல்வதுதான். ஊர்ப் பிள்ளைகள், வேலை போய் வந்தவர்கள், என் மாணவர்களின் வாப்பாமார். அவர்களிடம் காசு கேட்பதா? முதல் ஆண்டு முழுவதும் நான் ஈட்டியது 11,200 ரூபாய். ஏழு பேர், ஆளுக்கு 1,600. மற்ற அத்தனை பேருக்கும் இலவசமாக இரவு பதினொரு மணி வரை போனில் பேசினேன். உறவுக்காரப் பெண் ஒருவர், "துஆ (பிறர் பிரார்த்தனை) கிடைக்கும் வேலை, இதற்குப் போய்க் காசு வாங்குகிறாயே" என்றார். அழுகை வந்தது. உம்மாவிடம் சொன்னேன். கடிதம் எழுத வந்த பெண்கள் அந்தக் காலத்தில் சும்மா போவதில்லை. இரண்டு முட்டை, ஒரு பிடி முருங்கைக்கீரை, நோன்புக் காலமானால் ஒரு துண்டு தொதல் இனிப்பு என்று எதையாவது வைத்துவிட்டுத்தான் போவார்கள். எனக்கு அது நன்றாக நினைவிருந்தது. "நீங்கள் ஏன் ஒரு முறைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை?" என்று கேட்டேன். "வாங்காவிட்டால் அடுத்த கடிதத்துக்கு வர அவளுக்குக் கூசும்" என்றார் உம்மா.

அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இலவசமாகப் பயிற்சி பெற்றவர்கள் இரண்டாவது முறை சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடவே இல்லை. தொந்தரவு செய்கிறோமோ என்ற எண்ணம். பணம் கொடுத்தவர் உரிமையோடு கூப்பிட்டார், வீட்டுப்பாடம் செய்தார், நேர்காணல் முடிந்த ஒரு மணி நேரத்தில் எப்படி நடந்தது என்று எழுதினார்.

2022 கடைசியில் இப்படி வகுத்துக்கொண்டேன். வியாழன் கடிதம் என்றும் இலவசம். ஆண்டுக்கு 1,500 ரூபாய் சந்தா கட்டுவோருக்கு மாதம் இரண்டு கூடுதல் கடிதங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு உண்மையான சிவியோ மடலோ, பெயரும் நிறுவனமும் நீக்கி, வரி வரியாகத் திருத்தப்பட்டிருக்கும். சிவி திருத்தம் மட்டும் என்றால் 600. நான்கு அமர்வு நேர்காணல் பயிற்சி 4,000. மாதத்தின் இரண்டாவது வியாழனில் மட்டும் கடிதத்தின் கீழே இரண்டு வரியில் சொல்வேன்: இந்த மாதம் ஐந்து பேருக்கு நேரம் இருக்கிறது, வேண்டுபவர் 'பயிற்சி' என்று பதில் எழுதுங்கள். ஏன் இரண்டாவது வியாழன்? சம்பளம் வந்த முதல் வாரத்தில் பணம் வீட்டுக்குப் போய்விடும், சீட்டுக்குப் போய்விடும். அது போகத் தன் கையில் நிற்பது எவ்வளவு என்று மனிதருக்குத் தெரிவது அதற்கு அடுத்த வாரம்தான். முதல் வாரத்தில் கேட்ட மாதங்களில் பாதி இடங்கள் காலியாகவே கிடந்தன.

பணம் வாங்கும் வழியில் நம் நாட்டுக்கென்று சில முடிச்சுகள் உண்டு. சந்தா மடல்களுக்கென்றே 2017இல் தொடங்கிய சப்ஸ்டாக் தளத்தை எல்லாரும் சொல்வார்கள். அது ஸ்ட்ரைப் என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாகப் பணம் வசூலிக்கிறது. ஸ்ட்ரைப்போ 2024 மே முதல் இந்தியாவில் தானே அழைத்தால்தான் புதிய கணக்கு தருகிறது. நான் இணையவழிப் பணம் வசூலித்துத் தரும் சேவையான, இங்கே இருக்கும் ஒரு பேமென்ட் கேட்வேயில் சேர்ந்தேன். உள்நாட்டுப் பணத்துக்கு நூற்றுக்கு 2 ரூபாய், அந்த 2 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி; 1,500க்கு சுமார் 35 ரூபாய் பிடித்தம். மாதச் சந்தாவாகத் தானே கழியும்படி வைத்துப் பார்த்தேன். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் வந்தபின் தானியங்கிக் கழிவுக்கு முன்னறிவிப்பு, அனுமதி என்று படிகள் கூடியிருந்தன. மூன்று சந்தாக்களில் ஒன்று நின்றுபோனது. ஆண்டுச் சந்தா ஒரே தவணை என்றதும் தலைவலி தீர்ந்தது.

வெளிநாட்டில் இருப்பவர் எப்படிக் கட்டுவது? 2023இல் அமீரகம், சவூதி, கத்தார், ஓமான் உள்ளிட்ட பத்து நாட்டு எண்களோடு, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்போர் யுபிஐ பயன்படுத்த வழி பிறந்தது. ஆனால் என் வாசகர்களில் பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. "வீட்டில் சொல்கிறேன், கட்டிவிடுவார்கள்" என்பார்கள். சவூதியின் ஜுபைலில் இருக்கும் ஆளுக்குப் பெரியபட்டினத்தில் இருக்கும் மனைவி ஜிபேயில் கட்டுவார். பணம் வந்திருக்கும், யாருக்காக என்று தெரியாது. ஒரு முறை இரண்டு பேருக்குச் சந்தா கட்டியும் கடிதம் போகவில்லை. ஒருவர் மனம் வருந்தி எழுதினார். அன்றிரவே நோட்டில் 'கட்டியவர்' என்று இன்னொரு கட்டம் போட்டேன். இதில் எதிர்பாராத நன்மையும் வந்தது. கட்டிய மனைவிமார், எதற்குக் கட்டினோம் என்று பார்க்கக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். இப்போது என் சந்தாதாரர்களில் பதினான்கு பேர் இங்கேயே இருக்கும் பெண்கள். அவர்களுக்கு வேலை தேடும் எண்ணம் இருக்கிறது; கணவரிடம் இன்னும் சொல்லாதவர்களும் உண்டு.

விளம்பர வருமானம் பற்றி. 2023 ஜூலையில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒருவர், கடிதத்தின் மேல் பகுதியில் நான்கு வரி போட்டால் மாதம் 15,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். அப்போது என் மாத வருமானமே அதைச் சுற்றித்தான் இருந்தது. அரசின் பதிவு எண்ணைக் கேட்டேன். 1983 குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆளிடம் வாங்கும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டக் கூடாது. அவர் எண் சொல்லவில்லை. அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். மறுத்துவிட்டேன். அந்த வாரக் கடிதத்தையே, முகவரின் பதிவை மத்திய அரசின் இமைகிரேட் இணையதளத்தில் எப்படிச் சரிபார்ப்பது என்று எழுதினேன். அதற்கு 71 பதில்கள் வந்தன. நகையை அடகு வைத்துக் கொடுத்து ஏமாந்த கதைகள் அதில் எத்தனை! ஒரு கடற்கரை முழுவதும் இத்தனை வீடுகளில் இந்தக் காயம் இருக்கும்போது, என்னை நம்பி முகவரி கொடுத்தவர்களின் பெட்டிக்குள் அப்படி ஓர் ஆளை நான் எப்படி அழைத்துப்போவேன்? பயிற்சியாளராக இருப்பவர்கள் விளம்பரம் வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வேலை தேடுகிறவர்களுக்கு எழுதும் நான் வாங்க மாட்டேன்.

2024ஆம் ஆண்டின் கணக்கு இது. பட்டியலில் 1,140 பேர். அந்த 800இல் பதில் இல்லாதவர்களை நானே நீக்கிவிட்ட பிறகு மெல்லச் சேர்ந்தவர்கள். ஆண்டுச் சந்தா 83 பேர், 1,24,500 ரூபாய். சிவி திருத்தம் 90 பேர், 54,000. நேர்காணல் பயிற்சி 58 பேர், 2,32,000. மொத்தம் 4,10,500. மடல் சேவை, டொமைன், கேட்வே பிடித்தம், காணொளி அழைப்புச் சந்தா, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் சேர்த்துச் செலவு 38,000. மிச்சம் 3,72,500, மாதத்துக்கு 31,000 சொச்சம். சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் என்பதால் எனக்கு அது இல்லை. வருமான வரிக் கணக்கு மட்டும் ராமநாதபுரத்தில் ஒரு ஆடிட்டர் பார்க்கிறார். பயிற்சிக்கு வந்த 58 பேரையும் நோட்டில் தேடிப் பார்த்தேன். அவர்களில் 47 பேர் அதற்கு முன் ஒரு முறையாவது கடிதத்துக்குப் பதில் எழுதியவர்கள். சந்தா கட்டிய 83 பேரில் பதில் எழுதாமல் நேராகக் கட்டியவர்கள் ஒன்பது பேர்.

இந்தத் தொழிலில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. என் பயிற்சி பலித்தால் அந்த ஆளுக்கு வேலை கிடைக்கிறது. வேலை கிடைத்தவருக்கு அடுத்த ஆண்டு சந்தா தேவைப்படுவதில்லை. முந்தைய ஆண்டின் சந்தாதாரர்களில் பாதிக்கும் குறைவானவர்களே புதுப்பித்தார்கள். முதலில் பயந்தேன். விட்டுப்போகிறவருக்கு இப்போது ஒரு தனிக் கடிதம் எழுதுகிறேன், வாழ்த்தோடு ஒரு கேள்வி: 'உங்கள் அறையில், உங்கள் தெருவில், இதே நிலையில் இன்னும் யார் இருக்கிறார்கள்?' தம்பி வருகிறார், மச்சான் வருகிறார், கூடப் படித்தவர் வருகிறார். என்னிடம் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் வருகிறார்கள். ஆனால் புதிய ஆள்களைச் சேர்க்கும் வேலை ஓயாது என்பதைத் தெரிந்துகொண்டே இதில் இறங்க வேண்டும். கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு இறங்காதீர்கள். நான் பள்ளி வேலையை விட்டது, கடிதத்தின் வருமானம் தொடர்ந்து ஆறு மாதம் சம்பளத்தைத் தாண்டிய பிறகுதான்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கடிதம் எழுத நான்கு மணி நேரம். பதில்களுக்குப் பதில் எழுத எட்டு மணி நேரம். வெள்ளி ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டில் சாப்பாடான பிறகு உட்கார்ந்தால் சனி இரவு வரை போகும். ஒவ்வொருவருக்கும் நான்கைந்து வரியாவது எழுதுவேன். யாருக்கும் ஆயத்தமாக வைத்த பதிலை ஒட்டி அனுப்பியதில்லை. ஒரே ஒரு வாரம், மகளுக்குக் காய்ச்சல் என்று ஒட்டி அனுப்பினேன். அதற்கு அடுத்த வாரம் பதில்கள் பாதியாகிவிட்டன.

இந்த ஆண்டு வாரத்துக்கு 50, 60 என்று வருகின்றன. தனியாகச் சமாளிக்க முடியவில்லை. பெரியபட்டினத்தில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தியைச் சேர்த்திருக்கிறேன். மாதம் 6,000 ரூபாய். அவள் பதில்களைப் படித்து நோட்டில் ஏற்றி, அவசரமானவற்றை மேலே வைக்கிறாள். நேர்காணல் இரண்டு நாளில் இருப்பவர், விசா முடியப்போகிறவர், மனம் உடைந்து எழுதியவர் ஆகியோர் முதலில். பதில் மட்டும் நான்தான் எழுதுகிறேன். இந்த வாரம் 52 வந்திருக்கின்றன. 33 பேருக்கு எழுதி முடித்தேன். மீதியில் முதலாவது, திங்கட்கிழமை மஸ்கட்டில் நேர்காணல் இருக்கும் ஏர்வாடித் தம்பி. 'இந்த வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டால், உண்மையைச் சொல்லலாமா டீச்சர்?' என்று கேட்டிருக்கிறார்.